மாடி வீட்டுக்குப் பாதுகாப்பு எல்லாம் செய்துவிட்டேன். விளம்பரத்தில் எப்படிச் சொல்வது?

சேலையூர் டீச்சர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கிழக்குத் தாம்பரத்தில் சேலையூர் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் வீடு. கீழே நான் மட்டும் இருக்கிறேன். கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது, மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறான். மாடியில் இரண்டு படுக்கையறையோடு ஒரு போர்ஷன். தனிப் படி, தனி மீட்டர். ஒன்பது வருடம் ஒரே குடும்பம் குடியிருந்தார்கள். மே மாதம் சொந்த வீடு கட்டிப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து மாடி பூட்டியே கிடக்கிறது.

போன வருடம் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்தது. இரண்டுமே பகலில், ஆள் இல்லாத நேரத்தில். மகன் பயந்துபோனான். "செலவைப் பார்க்காதே அம்மா" என்று பணம் அனுப்பினான். அதனால் மாடி காலியானதும் வேலையை ஆரம்பித்தேன். நான்கு கேமரா: வெளிக் கேட்டில் ஒன்று, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒன்று, மாடிப்படித் திருப்பத்தில் ஒன்று, மாடி வீட்டு வாசலுக்கு நேரே ஒன்று. மரக்கதவுக்கு வெளியே இரும்பு சேஃப்டி டோர், கதவில் ஆள் பார்க்கும் லென்ஸ், புதுப் பூட்டு. பால்கனி முழுக்க கிரில். மொட்டைமாடிக் கதவு. 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது. அந்தப் பயத்தில் மீட்டர் பெட்டியை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, ட்ரிப் சுவிட்சும் போட்டேன். எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய் ஆனது.

ஆன்லைனில் இப்படி விளம்பரம் கொடுத்தேன்: "24 மணி நேர சிசிடிவி கண்காணிப்பு. முழுப் பாதுகாப்பு. பெண்களுக்கும் குடும்பத்துக்கும் மிகவும் ஏற்ற வீடு. வாடகை 18,000." கேட்டில் டு-லெட் போர்டும் தொங்குகிறது.

ஆடி மாதம், யாரும் வீடு மாற மாட்டார்கள் என்று புரோக்கர் சொன்னார். சரி என்று இருந்தேன். ஆவணி பிறந்து இதுவரை 11 பேர் வந்து பார்த்துவிட்டார்கள். எல்லோருக்கும் வீடு பிடிக்கிறது. யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. போன ஞாயிறு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, இன்னொருத்தி குரோம்பேட்டையில் செவிலியர். நல்ல பிள்ளைகள். வாடகை பற்றிப் பேரம்கூடப் பேசவில்லை. கிளம்பும்போது செவிலியர் பெண் மேலே பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இந்தக் கேமரா எங்க கதவைத்தானே பார்க்குது? இதை யார் யார் பார்ப்பீங்க?" என்று கேட்டாள். "நான் பார்ப்பேன், என் பையனும் சிங்கப்பூரிலிருந்து போனிலேயே பார்ப்பான்" என்று சொன்னேன். கேட்டால் தைரியமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "யோசிச்சு சொல்றோம்" என்று போனவர்கள்தான்.

இவ்வளவு செலவு செய்ததை விளம்பரத்தில் எப்படி எழுதினால் எடுபடும்? இதற்காக வாடகையில் 1,000 கூட்டிக் கேட்பது நியாயமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மேடவாக்கம் வாடகைக்காரி

அம்மா, வணக்கம். நான் வாடகைக்கு இருக்கும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சிறுசேரியில் வேலை. வாரத்தில் மூன்று நாள் ராத்திரி 2 மணிக்கு மேல்தான் கம்பெனி கேப் வீட்டு வாசலில் இறக்கிவிடும். எட்டு வருடத்தில் இது எனக்கு நான்காவது வீடு.

அந்தப் பெண் கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்டிருப்பேன். எங்கள் கதவுக்கு நேரே கேமரா இருந்தால், நான் எத்தனை மணிக்கு வருகிறேன், யார் என்னைப் பார்க்க வருகிறார்கள், நைட்டியோடு குப்பை கொட்டப் போகிறேனா என்பதெல்லாம் யாரோ ஒருவர் போனில் ஓடுகிறது. உங்கள் மகன் தங்கமான பிள்ளையாக இருக்கலாம். ஆனால் அவரை எனக்குத் தெரியாதே அம்மா. வெளிக் கேட்டில் கேமரா இருந்தால் சந்தோஷம். வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்தால் இன்னும் சந்தோஷம். என் வாசலில் வேண்டாம்.

வீடு பார்க்கப் போனால் நான் பார்ப்பது கொஞ்சம் வேறு. முதலில் கேட். கேட்டுக்கு எனக்கென்று ஒரு சாவி தருவார்களா, அல்லது பத்து மணிக்குப் பூட்டிவிட்டு நான் போன் செய்து எழுப்ப வேண்டுமா? அப்புறம் கேட்டிலிருந்து என் கதவு வரைக்கும் விளக்கு. என் இரண்டாவது வீட்டில் படிக்கட்டு விளக்கின் சுவிட்ச் மேலே மட்டும்தான் இருந்தது. கீழேயிருந்து இருட்டில் பதினெட்டுப் படி போன் வெளிச்சத்தில் ஏறுவேன். ஒரு நாள் படியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன்தான், போன் பேசிக்கொண்டிருந்தான். அந்த அதிர்ச்சி போக ஒரு வாரம் ஆனது. அடுத்த மாதமே வீடு மாறினேன். ஓனருக்கு நான் ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியாது.

மூன்றாவது, சாவி. முந்தைய வீடு ஒன்றில் நான் ஊருக்குப் போயிருந்தபோது குழாய் சரிசெய்ய என்று என் வீட்டைத் திறந்திருக்கிறார்கள். சொல்லாமல். திருடு எதுவும் போகவில்லை. ஆனால் அலமாரியை யாரோ பார்த்திருக்கலாம் என்ற நினைப்பு போகவே இல்லை. அதிலிருந்து எந்த ஓனரிடமும் முதல் கேள்வி இதுதான்: "இந்தப் பூட்டுக்கு எத்தனை சாவி இருக்கு, எல்லாம் எங்க இருக்கு?"

இன்னொன்று. நீங்கள் கீழே தனியாக, நிரந்தரமாக இருக்கிறீர்கள். ஒன்பது வருடம் ஒரே குடும்பம் உங்களோடு இருந்திருக்கிறது. இது இரண்டும் உங்கள் விளம்பரத்தில் இல்லவே இல்லை! ஒரு லட்ச ரூபாய் கேமராவை விட எனக்கு அதுதான் பெரிது. ஆனால் எழுதும்போது கவனம், தனியாக இருப்பதை ஊருக்கே சொல்ல வேண்டாம். "ஓனர் கீழ்தளத்தில்" என்றால் போதும்.

---

சரவணம்பட்டி ஓனர்

டீச்சர், கோயம்புத்தூரில் எனக்கு மூன்று போர்ஷன் இருக்கிறது. மூன்றும் ஐடி பார்க் பக்கம். பதினாறு வருடமாக வாடகைக்கு விடுகிறேன். மேலே அந்தத் தங்கச்சி சொன்னதை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பாருங்கள். நான் அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

உங்கள் விளம்பரத்தில் வாடகையைத் தவிர மூன்று வாக்கியம் இருக்கிறது. மூன்றையும் எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், கோபிக்காதீர்கள்.

"24 மணி நேர கண்காணிப்பு" என்றால் ஒரு ஆள் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார் என்று அர்த்தம். உங்கள் வீட்டில் பதிவாகிறது, அவ்வளவுதான். நாளைக்கு வண்டி திருடுபோனால் குடியிருப்பவர் அந்த வரியைக் காட்டித்தான் சண்டை போடுவார். "கேட்டிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் கேமரா, பதிவு 15 நாள் இருக்கும்" என்று உள்ளதை எழுதுங்கள். எத்தனை நாள் பதிவு நிற்கிறது என்று பொருத்தியவரிடம் கேட்டு, நீங்களே பழைய தேதியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். கரண்ட் போனால் பதிவாகிறதா என்றும் பாருங்கள். என் வீட்டில் கேமரா இன்வெர்ட்டரில் இருந்தது, பதிவுப் பெட்டி இல்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

"முழுப் பாதுகாப்பு" என்பதை யாரும் நம்புவதில்லை. எல்லா விளம்பரத்திலும் அதே வார்த்தை.

"பெண்களுக்கு ஏற்றது" என்பதை எழுதவே எழுதாதீர்கள். மேலே பெண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் படிக்கும் இடத்தில் எழுதுவது குடிவரப்போகும் பெண்களுக்கே ஆபத்து. ஏற்றதா இல்லையா என்பதை வந்து பார்த்து அவர்கள் முடிவு செய்யட்டும். இதே காரணத்துக்காகப் பொது விளம்பரத்தில் கதவு எண், பூட்டின் கம்பெனி, மாடல், சாவி மாட்டியிருக்கும் ஆணி தெரியும் போட்டோ, கேமராவுக்கு எந்தப் பக்கம் தெரியாது என்பதெல்லாம் வரக்கூடாது. தெருப் பெயரும் தூரமும் போதும். மீதி நேரில்.

போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் காலை வெயிலில் ஹாலைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். நீங்கள் ராத்திரி எட்டு மணிக்குக் கேட் விளக்கும் படிக்கட்டு விளக்கும் எரிவதைப் படம் எடுத்து இரண்டாவது போட்டோவாகப் போடுங்கள். எனக்கு வரும் போன்களில் பாதி அந்தப் போட்டோவைப் பார்த்து வருவதுதான். வீடு காட்டுவதும் அப்படித்தான். ஞாயிறு காலை வருகிறேன் என்பவரை "முடிந்தால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒரு தடவை வாருங்கள், தெரு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்" என்று நானே சொல்வேன். அப்படிச் சொல்லும் ஓனர் குறைவு.

வந்தவர்களிடம் பேசுவதை விட அவர்கள் கையில் கொடுங்கள். கேட் சாவியைக் கொடுத்து அவர்களையே திறக்கச் சொல்லுங்கள். சேஃப்டி டோரை உள்ளிருந்து பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே நீங்கள் நின்றுகொண்டு லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். கேமரா திரையை அவர்கள் முன்னாலேயே திறந்து, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று காட்டுங்கள். மாடி வாசல் கேமராவைக் கழற்றிவிடுங்கள், படித் திருப்பத்துக் கேமராவைக் கீழ்ப்படி பக்கம் திருப்புங்கள். மொட்டைமாடியில் துணி காயப்போடும் இடம், படுக்கையறை, குளியலறை ஜன்னல் எதிலும் கேமராவின் பார்வை பட்டுவிடக்கூடாது. ஒருவரை அந்தரங்கமான நிலையில் அனுமதியில்லாமல் படம்பிடித்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. நீங்கள் வேண்டுமென்று செய்ய மாட்டீர்கள், தெரியும். ஆனால் கேமரா மாட்டுகிறவர் கோணத்தைப் பார்த்து மாட்டுவதில்லை. மகன் போனிலிருந்து பார்ப்பதையும் நிறுத்துவது நல்லது. கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அதை மாற்றாமல் விட்டால் மகன் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சாவி விஷயம். புதுப் பூட்டு போட்டிருக்கிறீர்கள், பில் இருக்கிறதா? அந்த பில்லையும் எல்லாச் சாவிகளையும் குடிவருபவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும் என்று அவர்களே சொன்னால், உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் அவர்கள் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். பதினாறு வருடத்தில் இரண்டு தடவைதான் அந்த உறை பிரிந்திருக்கிறது. இரண்டு தடவையும் அவர்கள் போனில் சொல்லித்தான் பிரித்தேன்.

ஒப்பந்தத்தைப் பற்றி. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-இல் வந்து 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் ஓனர் 24 மணி நேரம் முன்னால் தகவல் கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அட்வான்ஸ், வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. பல ஓனர்கள் இதைச் சொல்லவே தயங்குகிறார்கள். நான் விளம்பரத்திலேயே எழுதுகிறேன்: "ஒப்பந்தம் பதிவு செய்து தரப்படும், முன்கூட்டித் தகவல் சொல்லாமல் வீட்டுக்குள் வரமாட்டோம்." ஒரு பைசா செலவில்லை. அந்தத் தங்கச்சியின் அலமாரிக் கதைக்கு இதுதான் மருந்து.

வாடகையில் 1,000 கூட்டுவதா என்று கேட்டீர்கள். வேண்டாம். நான்கு மாதம் பூட்டிக் கிடந்ததில் உங்களுக்குப் போனது 72,000. பாதுகாப்புக்குச் செய்த செலவு நல்ல ஆள் சீக்கிரம் வருவதிலும், வந்தவர் அடுத்த வருடமும் இருப்பதிலும்தான் திரும்பும்.

---

குரோம்பேட்டை ஒயர்மேன்

அம்மா, ஒரே ஒரு விஷயம். ட்ரிப் சுவிட்ச் என்று சொன்னீர்களே, அது ஆர்சிசிபியா, வெறும் எம்சிபியா என்று பாருங்கள். நிறையப் பேர் எம்சிபியைக் காட்டி "ஷாக் அடிக்காது சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். எம்சிபி லோடு கூடினாலும் ஷார்ட் ஆனாலும்தான் விழும். மனுஷன் உடம்பு வழியாகக் கரண்ட் கசிந்தால் விழுவது ஆர்சிசிபி. அதில் 30 எம்ஏ என்று போட்டிருக்க வேண்டும், டெஸ்ட் என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது பெட்டியில் இருந்தும் இல்லாத கணக்கு. மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

வீடு பார்க்க வருகிறவர்கள் முன்னாலேயே அழுத்திக் காட்டுங்கள். குழந்தை வைத்திருக்கிறவர்கள் அதை மறக்க மாட்டார்கள். நான் வேலை செய்த ஒரு வீட்டில் ஓனர் அம்மா ஹீட்டர், வாஷிங் மெஷின் பாயின்ட் எல்லாவற்றுக்கும் எர்த் இருக்கிறதா என்று என்னை அளந்து பார்க்கச் சொல்லி, தேதி போட்டு எழுதி பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தார்.

படிக்கட்டு விளக்குக்கு மேலும் கீழும் இரண்டு சுவிட்ச் போட்டுக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. ஆள் வந்தால் தானாக எரியும் சென்சார் விளக்கு போட்டாலும் சரி. ஆனால் அதை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். மழைக்காலத்தில் ராத்திரி கரண்ட் போகும்போதுதான் அந்த விளக்கு வேண்டும்.

சமையலறையில் கேஸ் ட்யூப்பைப் பாருங்கள். அதற்கு ஐந்து வருடம்தான் ஆயுள். முந்தைய குடும்பத்துடையது என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்லுங்கள். கேஸ் கசிந்தால் கூப்பிட 1906 என்று எழுதி ஒட்டுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றை விடக் கனம், தரையில்தான் தங்கும். சமையலறையில் கீழே ஒரு காற்றுத் துளை இருந்தால் அடைத்துவிடாதீர்கள்.

---

தென்காசி அப்பா

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். என் மகளுக்குப் போன வருடம் சென்னையில் வேலை கிடைத்தது. மூன்று நாள் நானும் அவளும் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று 14 வீடு பார்த்தோம். பிள்ளையை அனுப்புகிற அப்பா எதைப் பார்ப்பான் என்று உங்களுக்குத் தெரிந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

ஒரு வீடு. பால்கனியும் ஜன்னலும் எல்லாம் கிரில், உங்கள் வீடு மாதிரியே. உள்ளே போய்ப் பார்த்தேன். வாசல் கதவுக்குப் பக்கத்தில்தான் சமையலறை. "சமையலறையில் தீப்பிடித்தால் பிள்ளை எந்த வழியாக வெளியே வருவாள்?" என்று கேட்டேன். பால்கனி கிரிலில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, சாவி இருக்கிறது என்றார்கள். சாவியைக் கேட்டேன். பத்து நிமிடம் தேடினார்கள். கிடைக்கவில்லை. நாங்கள் வந்துவிட்டோம்.

உங்கள் பால்கனி கிரிலில் திறக்கிற கதவு இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே ஒன்று வெட்டி வையுங்கள். உள்ளிருந்து திறக்கும்படி, சாவி பக்கத்திலேயே, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில். திருடனுக்குப் பயந்து போட்ட கிரில், தீ என்று வந்தால் பிள்ளையை உள்ளேயே அடைத்துப் போட்டுவிடும்.

கடைசியில் நாங்கள் எடுத்த வீடு அப்படி ஒன்றும் புது வீடு இல்லை. சுவரில் வண்ணம்கூடப் பழசுதான். ஆனால் அந்த ஓனர் ஐயா நாங்கள் கேட்பதற்கு முன்னால் கீழே இருந்த தண்ணீர்த் தொட்டி மூடியைத் தூக்கிக் காட்டினார், பூட்டு போட்டிருந்தார். தீயணைப்பான் சிலிண்டரின் முள் பச்சையில் நிற்பதைக் காட்டினார். "2015-இல் தண்ணீர் இதுவரை வந்தது" என்று சுவரில் கோடு காட்டினார். அதைக் கேட்டு என் மகள் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் அவள் சொன்னது: "அப்பா, இவர் மறைக்கல. இங்கேயே இருக்கேன்." 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அங்கே என்ன ஆனது என்று பக்கத்துக் கடையில் விசாரித்தேன். அவர் சொன்னதும் கடைக்காரர் சொன்னதும் ஒத்துப்போனது.

வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும், ஆதார் நகல் வேண்டும் என்று அவர் கேட்டபோது எனக்குச் சந்தோஷம்தான். முன் எட்டு எண் மறைத்த ஆதார் போதும் என்று அவரே சொன்னார். எங்களிடம் விவரம் வாங்குகிறவர் எல்லோரிடமும் வாங்குவார்தானே, அந்தக் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு இருக்கும்.

நீங்கள் ஒன்று கேளுங்கள், கேட்டால் தப்பில்லை. வருகிற பிள்ளைகளிடம் அவர்கள் அப்பா அம்மா எண்ணை வாங்கிக்கொண்டு, உங்கள் எண்ணையும் அவர்களுக்குக் கொடுங்கள். எங்களை மாதிரி 600 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு ராத்திரி தூக்கம் வரும்.

---

சேலையூர் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை. மூன்று தடவை படித்தேன். மகனுக்கும் அனுப்பினேன். அவன் முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டான். "உனக்காகத்தானே அம்மா பார்க்கிறேன்" என்றான். கீழ்வீட்டுக் கேட் கேமரா ஒன்றை மட்டும் பார்த்துக்கொள், மாடிப் பக்கம் வேண்டாம் என்று சொன்னேன். ஒப்புக்கொண்டான்.

ஒயர்மேன் தம்பி சொன்னதைப் பார்க்கப் பெட்டியைத் திறந்தால், இருப்பது எம்சிபி மட்டும்தான். பில்லில் ஷாக் பாதுகாப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நானும் நம்பிவிட்டேன். வேறு ஒருவரை அழைத்து ஆர்சிசிபி போட்டாயிற்று. இப்போது பட்டனை அழுத்தினால் விழுகிறது. பால்கனி கிரிலில் கதவு இல்லை. வெல்டிங்காரர் வந்து இரண்டடிக்கு மூன்றடி வெட்டிக் கீல் வைத்துக் கொடுத்தார். மாடி வாசல் கேமரா கழற்றியாயிற்று. அதைப் பின்பக்கச் சுவருக்கு மாற்றினேன், போன வருடம் திருடன் ஏறியது பக்கத்து வீட்டின் பின்பக்கமாகத்தான். படிக்கட்டுக்கு இரண்டு சுவிட்ச். கேட்டுக்கு இரண்டு சாவி கூடுதலாக வெட்டினேன்.

புது விளம்பரம் இது. சரியா என்று பாருங்கள்:

"சேலையூர், கேம்ப் ரோடு பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம். முதல் மாடி, 2 படுக்கையறை, தனிப் படி. ஓனர் கீழ்தளத்தில். முன்பு இருந்த குடும்பம் 9 வருடம் இருந்தார்கள். கேட்டுக்கு உங்களுக்குத் தனிச் சாவி, எந்த நேரமும் வரலாம். கேட்டிலிருந்து கதவு வரை விளக்கு, கரண்ட் போனாலும் எரியும். கேட், வண்டி நிறுத்துமிடம், கீழ்ப்படி, பின்பக்கம் கேமரா. உங்கள் வாசலில் கேமரா இல்லை. பூட்டு புதிது, எல்லாச் சாவியும் உங்களிடம். ஷாக் அடித்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சை நேரில் அழுத்திப் பார்க்கலாம். 2015-இல் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது, மாடிக்கு வரவில்லை. மீட்டர் பெட்டி உயரத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் பதிவு செய்து தரப்படும். முன்கூட்டிச் சொல்லாமல் மேலே வரமாட்டோம். குடிவருபவர் விவரம் காவல் நிலையத்தில் தரப்படும். சாயங்காலம் 7 மணிக்கு மேல் வந்து பாருங்கள். வாடகை 18,000, அட்வான்ஸ் 3 மாதம்."

---

மேடவாக்கம் வாடகைக்காரி

"எந்த நேரமும் வரலாம்" என்ற வரிக்காகவே நான் போன் செய்திருப்பேன் அம்மா. ஒன்றே ஒன்று, "பின்பக்கம் கேமரா" என்று எங்கே எங்கே என்பதைப் பொது விளம்பரத்தில் வரிசையாகச் சொல்ல வேண்டாமே. "வெளிப்பகுதிகளில் கேமரா, உங்கள் வாசலில் இல்லை" என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரில் திரையைக் காட்டிவிடுங்கள்.

---

சரவணம்பட்டி ஓனர்

தங்கச்சி சொல்வது சரி. டீச்சர், அந்த இரண்டு பெண்களின் எண் உங்களிடம் இருக்கிறதா? புது ஆட்களைத் தேடுவதற்கு முன் அவர்களைக் கூப்பிட்டு, "நீங்கள் கேட்டது நியாயம், கேமராவை எடுத்துவிட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வற்புறுத்த வேண்டாம்.

---

சேலையூர் டீச்சர்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அந்த வரியைத் திருத்தினேன். செவிலியர் பெண்ணையும் கூப்பிட்டேன். அவர்கள் அதற்குள் பல்லாவரத்தில் வீடு எடுத்துவிட்டார்களாம். ஆனாலும், "நீங்க கூப்பிட்டு சொன்னதே ரொம்ப சந்தோஷம் ஆன்ட்டி" என்றாள். நான்கு நாள் கழித்து அவளோடு வேலை செய்யும் ஒரு பெண்ணை அவளே அனுப்பி வைத்தாள். அந்தப் பெண், அவள் அம்மா, கல்லூரியில் படிக்கும் தம்பி. ராத்திரி ஏழரைக்கு வந்தார்கள். கேட் சாவியைக் கையில் கொடுத்தேன், அவளே திறந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு ஏறினாள். அவள் அம்மாதான் பட்டனை அழுத்திப் பார்த்தார்கள், இரண்டு தடவை. தம்பி பால்கனிக் கதவு வழியாக உடம்பு போகுமா என்று தலையை நீட்டிப் பார்த்தான்.

போன வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒப்பந்தப் பதிவுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாள் மொட்டைமாடிப் பக்கம் இருக்கிறது, வெளியிலிருந்து யாராவது வந்தால் திறந்துவிடலாம், உள்பக்கமும் ஒன்று வேண்டும் என்று. நான் அதைக் கவனித்ததே இல்லை. தச்சர் நாளைக் காலை வருகிறார்.